படத்துக்கு நின்றவளும் வேலைக்கு நின்றவர்களும்

நாம் கோப்பை கழுவும் உணவகத்தில், சாப்பாட்டு மண்டபத்திலிருந்து கழிவறைக்குப் போகும் ஒடுங்கிய வழியில், பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. தலையில் துண்டு கட்டி, வேலையுடுப்பு அணிந்த ஓர் இளம்பெண். முன்னால் பொருத்தி முடிக்கப்பட்ட இயந்திரத் துப்பாக்கி. கையில் சிகரெட். புகையை மெல்ல விட்டபடி துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிட வருபவர்கள் அவள் முன்னால் நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குப்பைப் பை தூக்கிக்கொண்டு அந்த வழியால் போகும் நாமும் மூன்று வருடங்களாக அவளைப் பார்த்து வருகிறோம்.

படம் அங்கே தொங்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. உணவகம் இருப்பது ரொறன்ரோவின் ஸ்ட்றோன் அவெனியூவுக்கு அருகில், இன்று லிபேர்ட்டி வில்லேஜ் என அழைக்கப்படும் பகுதியில். இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் ஒருகாலம் ஜோன் இங்கிள்ஸ் கம்பனியின் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிறென் துப்பாக்கி செய்த இடம் அது. யுத்தம் முடிந்ததும் அதே கம்பனி துணி துவைக்கும் இயந்திரம் செய்யத் தொடங்கியது. துப்பாக்கி செய்த பெண்ணைத் திரும்பவும் வீட்டுக்கு அனுப்பி, அவளுக்கே உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் விற்றது என்று சொன்னால் பகிடியாகத் தோன்றும். ஆனால் இக்கட்டுரையில் நாம் சொல்லவந்ததில் பாதி அந்தப் பகிடிக்குள் இருக்கிறது. 1989இல் தொழிற்சாலை மூடப்பட்டது. படம் மட்டும் மிஞ்சியது.

படத்தில் இருப்பவர் வெறோனிக்கா பொஸ்ரர். 1941 மே மாதம், கனடாவின் தேசிய திரைப்படச் சபைக்காக எடுக்கப்பட்ட படம் இது. 'பிறென் துப்பாக்கிப் பெண் றொனி' என்ற பெயரில் அவர் நாடெங்கும் அறியப்பட்டார். கையை மடக்கித் தசை காட்டும் அமெரிக்கப் பெண்ணின் சுவரொட்டியை உலகம் முழுவதும் அறியும். அது வந்தது 1943இல். றொனி அவளுக்கு இரண்டு வருடம் மூத்தவள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வெறோனிக்கா பொஸ்ரரை 'அவர்' என்றும் றொனியை 'அவள்' என்றும் எழுதுகிறோம். இது தவறி வந்ததல்ல. முன்னையவர் உழைத்து வாழ்ந்து, யுத்தத்தின் பின் மார்ட் கெனியின் வாத்தியக் குழுவோடு பாடகியாக மேடையேறி, 2000ஆம் ஆண்டில் காலமான ஒரு மனுசி. பின்னையவள் அரசாங்கம் செய்த ஒரு பிம்பம். இந்த இருவரையும் பிரித்துப் பார்க்காமல் யுத்தகாலப் பெண் தொழிலாளர் பற்றி எதையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பதே எமது எண்ணம்.

பிம்பத்தை வாசிப்போம். றொனி தனியாக இருக்கிறாள். அவளோடு நின்று அதே துப்பாக்கியில் வேலை செய்த மற்றப் பெண்கள் இல்லை. மேற்பார்வையாளர் இல்லை. மணிக்கூடு இல்லை. துப்பாக்கி முடிந்துவிட்டது, கடைசல் இயந்திரத்தில் இரும்பு சுழலும் கணம் எமக்குக் காட்டப்படவில்லை. சிகரெட்டுத்தான் படத்தின் உயிர். அது ஓய்வையும், ஒரு துணிவையும், கொஞ்சம் கவர்ச்சியையும் சேர்த்துச் சொல்கிறது. அதே தொடரில் அவள் நடனமாடும் படங்களும், விருந்தில் இருக்கும் படங்களும் உண்டு. தொழிற்சாலைக்குப் போனாலும் பெண்மை எங்கும் போய்விடாது, பயப்படாதீர்கள் என்பதுதான் அவை நாட்டுக்குச் சொன்ன செய்தி. வரலாற்றாசிரியர் ரூத் றோச் பியர்சன் 1986இல் இக்காலம் பற்றி எழுதிய நூலின் தலைப்பே, என்ன இருந்தாலும் அவர்கள் பெண்கள்தானே என்ற அந்தக் காலத்து ஆறுதல் வார்த்தையைத்தான் திருப்பிக் காட்டுகிறது.

இன்னொன்றையும் படம் மறைக்கிறது. 1938இல் இதே பிறென் துப்பாக்கி ஒப்பந்தம் கேள்விப்பத்திரம் கோராமல் கொடுக்கப்பட்டது என்று பெரிய ஊழல் விவகாரம் கிளம்பி, விசாரணைக் கமிஷன் வரை போனது. மூன்று வருடத்தின் பின் அந்தத் துப்பாக்கியை ஒரு பெண்ணின் முன்னால் வைத்துப் படமெடுத்ததும் துப்பாக்கியின் கறை போய்விட்டது. அவள் ஊதிய புகையில் பலவும் மறைந்தன.

எமக்குத் தெரிந்த ஒரு அக்கா ஸ்காபரோவில் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். வன்னியைச் சேர்ந்தவர். ஒருநாள் எம்மைத் தேடி உணவகத்துக்கு வந்தபோது இந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார்.

"உவ என்ன தம்பி, வேலை செய்யிறாவோ, படத்துக்கு நிக்கிறாவோ?"

"துப்பாக்கி பக்டரியிலை வேலை செய்தவவாம் அக்கா."

"செய்திருப்பா. ஆனா உது வேலை செய்யிற நேரத்துக் கையில்லை."

நாம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவர்கள். படங்களை எப்படி வாசிப்பது என்று பின்னர் கொஞ்சம் புத்தகங்கள் புரட்டியிருக்கிறோம். அவற்றில் எதுவும் அக்காவின் அந்த ஒரு வரியளவு தெளிவாக இப்படத்தை எமக்குச் சொல்லவில்லை.

அக்கா வேலை செய்யும் இடத்துக்குக் கிட்டத்தான் யுத்தகாலத்தின் மற்றத் தொழிற்சாலை இருந்தது. ஸ்காபரோவில் எக்ளின்ரன் வீதிக்குத் தெற்கே, வோர்டனுக்கும் பேர்ச்மவுண்டுக்கும் இடையில், பண்ணை நிலத்தில் 1941இல் அவசர அவசரமாகக் கட்டப்பட்டது. ஜெனரல் எஞ்சினியரிங் கம்பனி நடத்தியதால் சுருக்கி 'ஜீக்கோ' என்பார்கள். 172 கட்டிடங்கள். நிலத்துக்குக் கீழே கிலோமீற்றர் கணக்கில் சுரங்க வழிகள். 1945 வரை அங்கு 21,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். குண்டுகளின் வெடிதூண்டிகளுக்குள் மருந்து அடைப்பதுதான் வேலை. அப்படி நிரப்பி அனுப்பியவை 25 கோடிக்கு மேல்.

அங்கே றொனியின் படத்தை எடுத்திருக்கவே முடியாது. வளாகம் 'அழுக்கான பக்கம்', 'சுத்தமான பக்கம்' என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அழுக்கான பக்கத்தில் சொந்த உடுப்பைக் கழற்றி வைத்து, தொழிற்சாலை உடுப்பையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டுதான் மற்றப் பக்கம் கால்வைக்கலாம். கொண்டை ஊசி கூடாது, நகை கூடாது. சிகரெட்டும் நெருப்புக்குச்சியும் பெருங்குற்றம். ஒரு சின்னப் பொறி போதும். மருந்துகளில் ஒன்றான ரெற்றில் என்ற மஞ்சள் தூள் தோலில் ஏறி, கையையும் முகத்தையும் மஞ்சளாக்கிக் கடி போடும். எமது ஊரில் பெண்ணின் முகத்து மஞ்சள் மங்கலம். இங்கே அது வேலையின் தழும்பு. இந்த மஞ்சளைக் கறுப்பு வெள்ளைப் படம் காட்டாது. காட்டியிருந்தாலும் சுவரொட்டியில் போட்டிருக்கமாட்டார்கள்.

இந்தத் தொழிற்சாலையின் சாயலில் 'பொம் கேள்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் 2012இலும் 2013இலும் குளோபல் அலைவரிசையில் வந்தது. ரொறன்ரோவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட வெடிகுண்டுத் தொழிற்சாலை ஒன்றின் பெண்களே அதன் பாத்திரங்கள். அதைக் குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லவேண்டும். உடுப்பு மாற்றும் அறையின் சோதனை காட்டப்பட்டது. இயந்திரத்தில் தலைமயிர் சிக்கி முகம் சிதைந்த ஒரு பெண் காட்டப்பட்டாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவது மறைக்கப்படாமல் பேசப்பட்டது. மெக் ரில்லி நடித்த மேற்பார்வையாளர் பாத்திரத்தின் இறுகிய வாய் எமக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. ஆனால் கதை முன்னே போவதெல்லாம் காதலாலும் இரகசியத்தாலும்தான். வேலை பின்னால் ஓடும் சத்தமாகிவிடுகிறது. ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை நிரப்பினாள், எத்தனை மணிக்குப் பஸ் எடுத்தாள், அந்நேரம் அவளுடைய பிள்ளை யாரிடம் இருந்தது என்பவை கதையாகவில்லை. எமது குசினியில் எட்டு மணித்தியாலம் நின்றவர்களுக்குத் தெரியும், வேலை பின்னணிச் சத்தமல்ல. வேலைதான் நாள். காதலும் கோபமும் அதன் இடுக்குகளில் நடப்பவை.

பிள்ளை யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் கடதாசிகளில் பதில் இருக்கிறது. 1942 செப்ரெம்பரில் 20 முதல் 24 வயதுவரையான பெண்கள் எல்லோரும் பதியவேண்டும் என்று கட்டளை வந்தது. முதலில் மணமாகாதவர்கள், பிறகு பிள்ளையில்லாதவர்கள், ஆள் போதாதபோது தாய்மார் என அழைப்பு விரிந்தது. அதே வருடம் மத்திய அரசும் மாகாணங்களும் செலவைப் பாதிப்பாதி ஏற்றுப் பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் நடத்த ஒப்பந்தம் வந்தது. ஒன்ராறியோவில் 28 நிலையங்கள் திறக்கப்பட்டன. மனைவி எவ்வளவு உழைத்தாலும் கணவனின் வரிச்சலுகை குறையாது என்று வருமான வரிச் சட்டமும் அந்த வருடமே திருத்தப்பட்டது. 1944இல் சம்பளத்துக்கு வேலை செய்த பெண்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

பிறகு யுத்தம் முடிந்தது. 1946 நடுப்பகுதியில் ஒன்ராறியோ நிலையங்களுக்கான மத்திய அரசின் பணம் நின்றது. 1947 ஜனவரியில் வரிச்சலுகையும் போனது. மனைவி 250 டொலருக்கு மேல் உழைத்தால் கணவனின் சலுகையில் வெட்டு. மணமான பெண்களை மத்திய அரச சேவையில் நிரந்தரமாக வைத்திருப்பதற்கு இருந்த தடை 1955 வரை நீடித்தது. தேவை என்றபோது நாட்டின் மகள், தேவை முடிந்தபோது யாரோ ஒருவரின் மனைவி. கூப்பிடும்போது படம் எடுத்தார்கள். திருப்பி அனுப்பும்போது படம் எடுக்க ஆள் வரவில்லை. ஆகவே றொனியின் படத்தை நாம் ஒரு வாழ்க்கையின் பதிவாக அல்ல, ஓர் அழைப்புக் கடிதமாகவே வாசிக்கவேண்டும். அழைப்புக் கடிதத்தில் திரும்பும் திகதி எழுதியிருப்பதில்லை.

அப்படியானால் உழைக்கும் பெண்ணை எந்தப் படமும் காட்ட முடியாதா? முடியும் என்பதற்கு இதே நகரத்திலிருந்து ஒரு சாட்சி உண்டு. பரஸ்கேவா கிளார்க் 1898இல் ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். தகப்பன் சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவரும் அங்கே எழுதுவினைஞராக வேலை செய்தவர். பாரிஸ் வழியாக 1931இல் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். விமானப்படையின் பெண்கள் பிரிவை வரையும் பணி யுத்தத்தின் இறுதிக் காலத்தில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் பிறந்த ஓவியங்களில் ஒன்று, பரசூட் மடிக்கும் பெண்களைப் பற்றியது. 1947இல் முடிந்த அது இன்று கனடா யுத்த அருங்காட்சியகத்திடம் உள்ளது. அவர்கள் தொழிற்சாலைப் பெண்கள் அல்ல, படைச் சேவையில் இருந்தவர்கள். ஆனால் செய்தது தொழிற்சாலை வேலைதான். சம்பளமும் அப்படியே: தொடக்கத்தில் ஆணுக்குரியதில் மூன்றில் இரண்டு, 1943இல் ஐந்தில் நான்கு. ஓவியத்தில் நட்சத்திரம் என்று ஒருத்தி இல்லை. நீண்ட மேசை, வெள்ளைத் துணியின் பாரம், அதில் குனிந்த உடல்கள். ஒரு மடிப்புப் பிழைத்தால் எங்கோ ஓர் உயிர் போகும் என்ற கவனம். வேலைதான் படத்தின் நடு.

இதே பரஸ்கேவா 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில், பாறையையும் மரத்தையும் வரைந்துகொண்டிருந்த கனடிய ஓவியர்களை அந்தப் பழம்பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மனிதரைப் பார்க்கச் சொன்னார். அதைப் படித்தபோது எமக்கு எமது சஞ்சிகைகள் ஞாபகம் வந்தன. நாமும் நெடுங்காலமாகப் பனைக்கும் பனிக்கும் பின்னால் ஒளித்திருக்கிறோம். ஊரை நினைத்தால் பனை, இங்கே வந்தால் பனி. இரண்டுக்கும் நடுவில் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண் நிற்கிறாள்.

பார்த்தல் பரஸ்கேவாவின் வழி என்றால், கேட்டல் டியோன் பிராண்டின் வழி. ரினிடாட்டில் பிறந்து 1970இல் ரொறன்ரோ வந்த கவிஞர் அவர். ஒன்ராறியோவில் 1920களிலிருந்து 1950கள் வரை உழைத்த கறுப்பினப் பெண்களைத் தேடிப்போய், அவர்களின் வாய்மொழியைத் தொகுத்து 1991இல் நூலாக்கினார். றொனியின் படத்தில் இல்லாத இன்னொரு வரலாறு அதில் இருக்கிறது. யுத்தம் வரும்வரை இப்பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெள்ளையர் வீட்டு வேலை மட்டுமே. ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் தொழிற்சாலைக் கதவு திறந்தது. அதாவது ஒருத்திக்குத் தொழிற்சாலை தியாகம். இன்னொருத்திக்கு அதுவே பிறர் குசினியிலிருந்து விடுதலை. ஒரே கட்டிடம், இரண்டு அர்த்தம். கவிஞரான பிராண்ட் அந்த நூலில் தன் குரலை அடக்கி மற்றவர்களின் பேச்சுக்கு வழிவிட்டதை நாம் பெரிய இலக்கியச் செயலாகவே மதிக்கிறோம்.

இனி எமது பக்கம். எமது யுத்தத்திலும் சுவர்களில் பெண்கள் இருந்தார்கள். சீருடை, இரட்டைப் பின்னல், கையில் துப்பாக்கி. அந்தப் படங்களும் அழைப்புக் கடிதங்களே. 2009 மே மாதத்தின் பின் அந்தப் படங்களில் நின்ற வயதுடைய பெண்கள் வேலைக்கும் கலியாணத்துக்கும் அலைந்தபோது சுவரொட்டி ஒட்டியவர்கள் யாரும் அருகில் இருக்கவில்லை. 1986இலேயே யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் தனது கவிதைத் தொகுப்புக்குச் 'சொல்லாத சேதிகள்' என்று பெயரிட்டது. இத்தனை வருடத்தின் பின்னும் அந்தப் பெயர் பழசாகவில்லை.

மற்றவர்களைச் சொல்லி நாம் தப்பிக்கொள்ள முடியாது. போன வருடம் அக்காவைப் பற்றி நாமும் ஒரு சிறுகதை எழுதினோம். பனி கொட்டும் பஸ் தரிப்பிடம், ஊரிலிருந்து வந்த கடிதம், இயந்திரத்தின் முன் நின்று கண்ணீர் விடும் தாய். நண்பர்கள் உருக்கமாக இருக்கிறது என்றார்கள். அக்காவிடம் வாசித்துக் காட்டினோம். முடியும்வரை பேசாமல் இருந்தார்.

"நான் எங்கை தம்பி அழுதனான்? லைன் ஓடேக்கை அழ நேரமில்லை. நான் என்ன பொதி செய்யிறன் எண்டுகூட இதிலை இல்லையே."

உண்மைதான். நாம் கேட்கவேயில்லை. றொனியின் கையில் சிகரெட்டை வைத்தவர்களைப் போல நாம் அக்காவின் கண்ணில் நீரை வைத்திருந்தோம். பிம்பம் வேறு, செய்கை ஒன்று.

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டோம். சவர்க்கார நீர்ப் போத்தல்கள். பெட்டிக்கு 12. வேலை எடுத்துக்கொடுக்கும் ஏஜென்சி மணிக்கு இவ்வளவு என்று தன் பங்கை வெட்டிக்கொள்ளும். லைனில் அக்காவுக்கு இடப்பக்கம் பிலிப்பைன்ஸ்காரி, வலப்பக்கம் சோமாலியாக்காரி. மூவருக்கும் பொதுவான மொழி கைச்சாடை. கையில் சவர்க்காரம் பட்டு வெடித்த தோலுக்குத் தேங்காயெண்ணெய். இதைச் சொல்லி முடித்துவிட்டு, நாம் ஜீக்கோ பற்றிச் சொல்லியிருந்ததை நினைத்தாரோ என்னவோ, அக்கா வேறொன்றுக்குப் போனார்.

"உவை குண்டுக்கு மருந்து அடைச்சவை. நாங்கள் கடைசி நேரத்திலை சேலையளை வெட்டிப் பங்கருக்கு மண் அடைக்கிற பை தைச்சனாங்கள். கூறைச் சேலையும் வெட்டினது. ஒரு சேலையிலை எத்தினை பை வரும் எண்டு பாத்த உடனை சொல்லுவன். அதுவும் யுத்தகால வேலைதானே தம்பி? ஆனா சம்பளமுமில்லை, படமெடுக்க ஆளுமில்லை."

அச்சேலைப் பைகளைப் பற்றி நாம் முன்பும் வாசித்திருக்கிறோம். எல்லா இடத்திலும் அவை துயரத்தின் குறியீடாகவே வந்தன. அவற்றை யாரோ வெட்டினார்கள், அளந்தார்கள், தைத்தார்கள், அதில் ஒரு கைத்திறன் இருந்தது, அது வேலை என்று யாரும் எழுதி நாம் கண்டதில்லை. வேலை என்று சொல்லாதவரை அவள் பாதிக்கப்பட்டவள் மட்டுமே. வேலை என்று சொன்னால்தான் அவளுக்கு ஒரு கணக்கும், கேட்பதற்கு ஒரு பாக்கியும் உண்டாகிறது. எமது விமர்சனம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

யுத்தகாலத் தொழிற்சாலை என்றதும் துப்பாக்கியையும் குண்டையும் தேடும் கண்ணை நாம் மாற்றவேண்டும். பங்கரும் ஒரு தொழிற்சாலை. அகதியாக வந்து நிற்கும் லைனும், விட்டுவந்த யுத்தத்தின் கடனை அடைக்கும் தொழிற்சாலைதான். ஸ்காபரோவில் எத்தனையோ அக்காமார் இருக்கிறார்கள். 1980களில் வந்தவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது. அவர்களிடம் கேட்க ஒரு பேனாவும், வாயை மூடிக்கொண்டிருக்கும் பொறுமையும் போதும். கவிதை பிறகு வரட்டும்.

இக்கட்டுரையை அனுப்ப முன் அக்காவிடம் காட்டினோம். பெயர் போடவேண்டாம் என்றார். தொழிற்சாலையின் பெயரும் வேண்டாமாம்.

"ஆனா நேரத்தைச் சரியாப் போடு தம்பி."

போடுகிறோம். பின்னேரம் மூன்றரை முதல் நடுச்சாமம் பன்னிரண்டு வரை. நடுவில் அரை மணித்தியாலம், சம்பளமில்லாமல். பிறகு வோர்டன் பஸ்.